வேலிக்கு ஓணான் சாட்சி!

- இறுதியாண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை



ஆண்டு மலர் என்றால் அதில் நட்பைப் பற்றி ஒரு கவிதை இருக்கும், அன்னையைப் பற்றி ஒரு கவிதை இருக்கும், நடுநடுவே கடி ஜோக் இருக்கும். நான் ஒரு ப்ரோக்ராம் வரியைப் பற்றிக் கட்டுரை தரப் போகிறேன் என்றதும் மலர்க் குழுத் தோழிகளே சிரித்தார்கள். "இதை யாருடி படிப்பாங்க?" என்று கேட்டார்கள். "எல்லாரும் படிப்பாங்க. அந்த வரி இல்லாத ப்ராஜெக்ட் நம்ம டிப்பார்ட்மெண்டுல எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு பாப்போம்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வரி எது? பைத்தானில் எழுதுபவர்கள் 'வெரிஃபை ஈக்வல் டு ஃபால்ஸ்' என்று போடுகிறார்கள். ஜாவாவில் எழுதுபவர்கள் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் தலையாட்டுகிற ஒரு 'டிரஸ்ட் மேனேஜர்' எழுதி வைக்கிறார்கள். கர்ல் கட்டளை அடிப்பவர்கள் கூடவே 'கே' என்று ஓர் எழுத்தைச் சேர்க்கிறார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். "எதிரில் இருப்பவன் யாரென்று பார்க்காதே, பேசு!"

இந்த வரியை நமது லேபை விட்டே விரட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் இது உங்கள் வீட்டு ரேஷன் அரிசி வரைக்கும் வருகிற விஷயம்.

பூட்டு இருக்கு, வீடு யாருடையது?

இன்றைக்கு எந்த ப்ரோக்ராமும் தனியாக வேலை செய்வதில்லை. கடையில் இருக்கிற மிஷின் சென்னையில் இருக்கிற கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு "இந்தக் கார்டுக்கு எவ்வளவு பாக்கி?" என்று கேட்கிறது. அது பதில் சொல்கிறது. இப்படி ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராமைக் கூப்பிடுவதைத்தான் வெப் சர்வீஸ் என்கிறோம். நடுவில் டவர், கேபிள், யார் யாரோ வைத்திருக்கிற பெட்டிகள் என்று எத்தனையோ கை மாறித்தான் அந்தப் பேச்சு போகிறது. வழியில் யாரும் ஒட்டுக் கேட்காமல் இருக்கத்தான் 1995-இல் நெட்ஸ்கேப் கம்பெனி எஸ்எஸ்எல் என்ற முறையை வெளியிட்டது. 1999-இல் அது டிஎல்எஸ் என்று பெயர் மாறியது. இப்போது நடப்பில் இருப்பவை 2008-இல் வந்த 1.2-ம், 2018-இல் வந்த 1.3-ம். பழைய 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

டிஎல்எஸ் செய்கிற வேலைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பேச்சை மறைகுறியாக்குவது. மற்றொன்று, பேசுகிற ஆள் சரியான ஆள்தானா என்று பார்ப்பது. நம்மில் பலர் முதல் வேலையை மட்டும் கேட்டுவிட்டு, இரண்டாவதை அணைத்து விடுகிறோம். "என்க்ரிப்ஷன் இருக்குதுல்ல, போதும்" என்கிறோம். போதுமா? சிந்தித்துப் பாருங்கள். நல்ல கனமான பூட்டுதான், சாவியும் பத்திரம்தான். ஆனால் பணத்தை வைத்துப் பூட்டியது திருடன் வீட்டு அலமாரியில் என்றால் அந்தப் பூட்டால் யாருக்கு லாபம்?

இடைத்தரகரை நமக்குத் தெரியாதா?

ஆங்கிலப் புத்தகத்தில் 'மேன் இன் தி மிடில்' என்று போட்டிருக்கிறது. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் இதை விளக்க வேண்டியிருக்கும். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் பிறந்த நமக்கு எதற்கு விளக்கம்? கடுக்காயும் புளியும் தேனும் மலையிலிருந்து இறங்கும்போது நடுவில் ஒருத்தர் நின்றார். மலைக்காரரிடம் "கீழே விலை இல்லை" என்றார். கீழே இருந்த வியாபாரியிடம் "மேலே சரக்கு இல்லை" என்றார். இரண்டு பேரும் அவரை நம்பினார்கள். இரண்டு பேருக்கும் நஷ்டம். இருவரும் நேருக்கு நேர் பேசிக் கொண்டதே இல்லை. மலைவாழ் மக்களுக்கென்று லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டதற்கு இந்த இடைத்தரகர் தொல்லையும் ஒரு காரணம்.

கம்பியில் நிற்கிற இடைத்தரகனும் இதே ஆள்தான். மிஷினிடம் "நான்தான் சர்வர்" என்பான். சர்வரிடம் "நான்தான் மிஷின்" என்பான். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பூட்டுப் போட்டுப் பேசுவான். நடுவில் எல்லாவற்றையும் திறந்து படிப்பான், வேண்டுமானால் எண்ணை மாற்றியும் அனுப்புவான். மலைப் பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காதபோது யாரோ ஒருவர் கொடுக்கிற ஹாட்ஸ்பாட்டில் நாம் எல்லோரும் இணைகிறோம் அல்லவா? அந்த மாதிரி இடம் அவனுக்கு வசதி. அவனைத் தடுக்க ஒரே வழி, "நீ யார், காட்டு" என்று சான்றிதழ் கேட்பது. நாம் எழுதுகிற அந்த ஒரு வரி அந்தக் கேள்வியையே ரத்து செய்து விடுகிறது.

தாசில்தார் முத்திரை

சர்டிபிகேட் என்றால் என்னவென்று என்னைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எங்கப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அட்மிஷன் சமயத்தில் வருமானச் சான்றுக்கு அவர் மூன்று நாள் கூலியை விட்டார். கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டும், ஆர்.ஐ. பார்க்க வேண்டும், அதற்கு மேல் தாசில்தார். கடைசியில் அந்தக் காகிதத்தைக் கல்லூரி ஏன் நம்புகிறது? எங்கப்பாவைத் தெரியும் என்பதாலா? இல்லை. தாசில்தாரைத் தெரியும், அவருக்கு அதிகாரம் கொடுத்த அரசாங்கத்தைத் தெரியும் என்பதால்தான்.

டிஎல்எஸ் சான்றிதழும் இதே சங்கிலிதான். உச்சியில் 'ரூட்' என்கிற மூலச் சான்று. அது நம் கம்ப்யூட்டரிலேயே முன்கூட்டிப் பதிந்திருக்கும். அடுத்து 'இன்டர்மீடியட்' என்கிற இடைச் சான்று. அதற்குக் கீழே சர்வரின் சொந்தச் சான்று. ஒவ்வொன்றிலும் மேலே இருப்பவரின் கையொப்பம் இருக்கும். நம் ப்ரோக்ராம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. சங்கிலி ரூட் வரை போய்ச் சேருகிறதா? சான்றில் இருக்கும் பெயரும் நாம் கூப்பிட்ட பெயரும் ஒன்றா? தேதி நடப்பில் இருக்கிறதா?

சர்வர் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக் கொண்டு வருகிற சான்றுக்கு 'செல்ஃப் சைன்ட்' என்று பெயர். அதை விசாரிக்காமல் ஏற்றுக் கொள்வது என்ன? நம் ஊரில் சொல்வார்களே, வேலிக்கு ஓணான் சாட்சி! வேறென்ன?

"ப்ரௌசர்ல ஓடுதே, ப்ரோக்ராம்ல மட்டும் ஏன் ஓடல?"

அந்த வரியைப் போடுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. ராத்திரி பதினொரு மணி, காலையில் ரெவ்யூ, திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எங்கோ ஒரு பதிலில் "இதைப் போடு, ஓடும்" என்று இருக்கிறது. போட்டார்கள், ஓடியது. அதனால் காரணத்தையும் சொல்லாமல் "போடாதே" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. வழக்கமான காரணங்கள் நான்குதான்.

முதலாவது, சர்வர் இடைச் சான்றை அனுப்பாமல் விட்டிருக்கும். ப்ரௌசர்கள் கெட்டிக்காரத்தனமாக அதை வேறு இடத்திலிருந்து தேடி எடுத்துக் கொள்ளும், அல்லது முன்பே சேமித்து வைத்திருக்கும். ஜாவாவும் பைத்தானும் பொதுவாக அப்படித் தேடுவதில்லை. சர்வரில் முழுச் சங்கிலியையும் வைத்தால் தீர்ந்தது.

இரண்டாவது, பெயர் பொருந்தாது. சான்று ஒரு பெயருக்கு வாங்கியிருப்பார்கள், நாம் ஐபி எண்ணைப் போட்டுக் கூப்பிடுவோம். பெயரைப் போட்டுக் கூப்பிட்டால் போதும்.

மூன்றாவது, கடிகாரம். சிறிய மிஷின்களில் கடிகார பேட்டரி செத்துப் போனால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். "இந்தச் சான்று இன்னும் அமலுக்கே வரவில்லை" என்று மிஷின் மறுக்கும். குற்றம் சான்றில் இல்லை, பேட்டரியில்!

நான்காவது, மிஷினில் இருக்கிற ரூட் பட்டியல் பழசாக இருக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகச் சான்று கொடுக்கிறது. அது நம்பியிருந்த பழைய ரூட் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அன்று உலகம் முழுக்க அப்டேட் செய்யாத எத்தனையோ கருவிகளும் ப்ரோக்ராம்களும் இணைப்பு கிடைக்காமல் திண்டாடின. இதற்கு மருந்து பட்டியலைப் புதுப்பிப்பதுதான்.

பார்த்தீர்களா? நான்கில் ஒன்றுக்குக் கூட "சரிபார்க்காதே" என்பது மருந்தில்லை. காய்ச்சல் இருக்கிறது என்று காட்டுகிற தெர்மாமீட்டரை உடைப்பது வைத்தியமாகுமா?

பெரியவர்களும் சறுக்கிய இடம்

"நாம சின்னப் பசங்க, பெரிய கம்பெனிக்காரங்க சரியாத்தான் எழுதுவாங்க" என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட், டெக்சாஸ் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ப்ரௌசர் அல்லாத ப்ரோக்ராம்கள் சான்றிதழை எப்படிச் சரிபார்க்கின்றன என்று ஆராய்ந்தார்கள். அமேசானின் கிளவுட் சேவையைக் கூப்பிடுகிற ஜாவா நூலகம், அமேசான், பேபால் ஆகியவை வியாபாரிகளுக்குக் கொடுத்த பணம் செலுத்தும் நிரல்கள், அப்பாச்சி ஆக்ஸிஸ் போன்ற வெப் சர்வீஸ் நூலகங்கள் என்று பலவற்றில் ஓட்டை இருந்தது.

அதில் ஒன்று நமக்கு நல்ல பாடம். கர்ல் நூலகத்தில் 'வெரிஃபை ஹோஸ்ட்' என்று ஓர் அமைப்பு உண்டு. அப்போது அதற்கு 2 என்று கொடுத்தால்தான் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்தது. இதைத் தெரியாமல் புரோகிராமர்கள் 'ட்ரூ' என்று கொடுத்தார்கள். கம்ப்யூட்டருக்கு ட்ரூ என்றால் 1. அன்றைக்கு 1 என்றால் "சான்றில் ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும்" என்று பொருள்! பாதுகாப்பைக் கூட்டுகிறோம் என்று நினைத்துக் குறைத்து விட்டார்கள். அதே 2012 இறுதியில் வந்த கர்ல் பதிப்பில் 1 என்று கொடுத்தால் பிழை காட்டும்படி மாற்றினார்கள். நல்ல எண்ணம் மட்டும் போதாது, மேனுவலைப் படிக்கவும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, சான்று வழங்கும் அமைப்புகளுக்கெல்லாம் மேலே ஒரு கட்டுப்பாட்டு அதிகாரி டெல்லியில் இருக்கிறார். அவருக்குக் கீழே சான்று வழங்கும் உரிமை பெற்றிருந்தது தேசியத் தகவலியல் மையமான என்ஐசி. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் பெயரில் கூகுளுக்கே தெரியாமல் என்ஐசி வழியாகச் சான்றுகள் வெளியாகியிருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே என்ஐசியின் இடைச் சான்றுகள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன. என்ஐசியின் வழங்கும் முறைக்குள் ஊடுருவல் நடந்ததாகவும், கூகுள் பெயரில் மூன்றும் யாஹூ பெயரில் ஒன்றும் தவறாக வெளியானதாகவும் அதிகாரி தரப்பு தெரிவித்தது. அதன்பின் கூகுள், இந்திய ரூட் சான்றைக் குறிப்பிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டும் என்று தன் ப்ரௌசரில் சுருக்கிவிட்டது.

"அரசாங்க முத்திரையே இப்படி ஆச்சுன்னா, சரிபார்த்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்கலாம். நான் தலைகீழாகப் பார்க்கிறேன். யாரோ சரிபார்த்துக் கொண்டே இருந்ததால்தான் அது பிடிபட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றுவரை அது தெரிந்திருக்காது. அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடவும் இல்லை. இந்திய ரூட் சான்றை உள்ளே வைத்த சொந்த ப்ரௌசர் செய்ய 2023-இல் மத்திய அரசு ஒரு போட்டி அறிவித்தது. 2025 மார்ச்சில் முதல் பரிசு ஒரு கோடி ரூபாயை வாங்கியது நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனம். இழந்த நம்பிக்கையை மீட்க எத்தனை ஆண்டு, எத்தனை பேர் உழைப்பு பாருங்கள்!

வரிசையில் நிற்பது யார்?

இப்போது ரேஷன் கடைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபர் முதல் கைரேகை வைக்கும் முறை வந்தது. எங்கம்மாவும் கட்டைவிரலை வைத்துத்தான் அரிசி வாங்குகிறார். மலையடிவார ஊர்களில் எத்தனையோ நாள் "சர்வர் வரல, நாளைக்கு வாம்மா" என்ற பதில்தான் கிடைக்கிறது. நாளைக்கு வந்தால் இன்னொரு நாள் கூலி போச்சு. காச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைப் பக்கம் மேலே போகப் போக இந்தக் கஷ்டம் கூடுமே தவிர குறையாது.

இங்கேதான் எதிர்க்கட்சியின் வலுவான வாதம் இருக்கிறது. "செக்கிங்கை அணைச்சா வரிசை நகரும். ஏழைக்கு அரிசி முக்கியமா, உன் சர்டிபிகேட் முக்கியமா?" நான் அந்த வரிசையில் நின்றவள். அதனால் இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அரிசிதான் முக்கியம். இணைப்பு கிடைக்கவில்லை என்பதற்காக யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அப்படிப்பட்ட நாளுக்கு நோட்டில் எழுதிக் கொடுக்கவும் ஒரு வழி இருக்க வேண்டும். ஆனால் இணைப்பில் பிழை வந்தால் பேட்டரியை மாற்று, பட்டியலைப் புதுப்பி, சங்கிலியைச் சரி செய். அதை விட்டுவிட்டுக் காவலை அணைத்தால் அந்த நஷ்டமும் அதே ஏழைக்குத்தான் வரும். பணக்காரன் கணக்கில் தப்பு நடந்தால் வக்கீல் வைத்துக் கேட்பான். எங்கம்மா பெயரில் "பொருள் வாங்கியாச்சு" என்று பொய்யாகப் பதிவானால் யாரிடம் போய்க் கேட்பார்?

ஆதார் கைரேகைச் சோதனையை வடிவமைத்தவர்கள் டிஎல்எஸ்ஸை மட்டும் நம்பவில்லை. விரல் வைத்த இடத்திலேயே தகவலை 256 பிட் சாவியால் பூட்டி, அந்தச் சாவியை ஆதார் ஆணையத்தின் 2048 பிட் பொதுச் சாவியால் மறுபடி பூட்டி அனுப்பச் சொல்கிறது அவர்களது விதி. காரணம் எளிது. பாஸ்வேர்டு போனால் மாத்திக்கலாம், கட்டைவிரல் போனால்? ஆனால் நண்பர்களே, நாம் செய்கிற ப்ராஜெக்டில் அந்த இரண்டாவது பூட்டு இல்லை. பால் சங்கக் கணக்கு, ஹாஸ்டல் மெஸ் கணக்கு, சுகாதார நிலைய டோக்கன் எல்லாவற்றுக்கும் டிஎல்எஸ் ஒன்றுதான் காவல். அதையும் நாமே அணைத்து விடுகிறோம்!

"இது வெறும் டெமோதானே?" என்பார்கள். டெமோவில் எழுதிய கைதான் நாளை வேலையிலும் எழுதும். டிப்ளமோ முடித்த நம்மில் பலர் போகப் போவது இ-சேவை மையத்துக்கும், மிஷின் சர்வீஸ் வேலைக்கும், சின்னச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கும்தான். அந்த அமைப்பை ஆன் செய்வதா ஆஃப் செய்வதா என்று தீர்மானிக்கிற விரல் பெரிய இன்ஜினியருடையது அல்ல, நம்முடையது.

என் கோரிக்கைகள்

சங்கத்துக்கும் துறைக்கும் நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று: அந்த வரி இருக்கும் ப்ராஜெக்டை இறுதி வைவாவுக்கு ஏற்கக் கூடாது. மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம், திருத்தி வரச் சொன்னால் போதும்.

இரண்டு: நம் லேபுக்கென்று ஒரு சொந்த ரூட் சான்று உருவாக்க வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல் இருந்தால் ஒரு மணி நேர வேலை. அதை எல்லா லேப் கம்ப்யூட்டரிலும் பதிந்து, சோதனை சர்வர்களுக்கு அதிலிருந்து சான்று கொடுத்தால் யாருக்கும் காவலை அணைக்கும் தேவையே வராது. பைத்தானில் ஃபால்ஸ் என்று போடுகிற அதே இடத்தில் அந்த ரூட் கோப்பின் பாதையைப் போடலாம். எழுதுகிற நேரம் ஒன்றுதான்.

மூன்று: ஒரு பெயர் வாங்கி வெளியே வைக்கிற சர்வர் என்றால் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றை இலவசமாகவே வாங்கிக் கொள்ளலாம். தானாகவே புதுப்பித்துக் கொள்ளும்படி அமைக்கவும் பழக வேண்டும். ஏனென்றால் 2029 மார்ச் முதல் பொதுச் சான்றுகளின் ஆயுள் அதிகபட்சம் 47 நாள்தான் என்று முடிவாகிவிட்டது. கையால் புதுப்பிக்கிற காலம் முடிகிறது. அதைத் தெரிந்தவர்களுக்கு வேலையும் இருக்கிறது.

நான்கு: ஆண்டுக்கொரு நாள் மற்றத் துறை மாணவர்களையும் சேர்த்து இதைப் பற்றி ஒரு வகுப்பு வைக்க வேண்டும். ஹாட்ஸ்பாட் எல்லோருக்கும் பொது, ஏமாறுவதும் எல்லோருக்கும் பொது.

கணினி படித்தவள் என்று ஊரில் என்னிடம் போனைக் கொடுத்து, "கொஞ்சம் பாத்துச் சொல்லு பாப்பா" என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நம்மை நம்பித்தான் விரலை வைக்கிறார்கள். அவர்களால் சரிபார்க்க முடியாது. அவர்களுக்குப் பதிலாகச் சரிபார்க்கத்தான் நம்மைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

இந்த வாரமே உங்கள் ப்ராஜெக்ட் கோப்பைத் திறந்து அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். சிவப்பு எழுத்து வரும், வரட்டும். அது என்ன சொல்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புரியாவிட்டால் லேபுக்கு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!